512 எம்பியை 2 ஜிபி ஆக்கிய கதை

எங்கள் ஹாஸ்டலில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. டாக்டர். படிப்பில் வாங்கிய பட்டம் இல்லை. வராண்டாவில் யாருடைய லேப்டாப் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விண்டோஸ் ஏறவில்லையா, வைஃபை வரவில்லையா, ஃபேன் அலறுகிறதா, எல்லாவற்றுக்கும் நான்தான் வைத்தியன். ஃபீஸ் ஒரு டீ, சில சமயம் முட்டை பப்ஸ். இந்தக் கட்டுரை அந்த வைத்தியன் ஒரு நோயாளியைக் கிட்டத்தட்டக் கொன்ற கதை. கதையோடு ஒரு கருத்தும் உண்டு. பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் உங்கள் அப்பாவின் பணம் கொஞ்சம் மிச்சமாகலாம்.

நடந்தது 2024-ல். என் ரூம்மேட்டிடம் ரைசன் 5 3500யூ ப்ராசஸர் போட்ட லேப்டாப் இருந்தது. 8 ஜிபி ரேம். அவன் அப்பா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது. அதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசஸருக்குள்ளேயே வேகா 8 என்ற கிராபிக்ஸ் இருக்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேரின் லேப்டாப் இந்த வகைதான், கம்பெனிதான் வேறு.

ஒரு நாள் ராத்திரி ஜிடிஏ 5 போட்டுப் பார்த்தான். கார் ஓடவில்லை, தவழ்ந்தது. கேமின் கிராபிக்ஸ் செட்டிங்கில் வீடியோ மெமரி எவ்வளவு என்று ஒரு பட்டை காட்டும். அதைப் பார்த்தவன், "மச்சி, 512 எம்பிதான்டா இருக்கு, அதான் இப்படி. ஏத்த முடியுமா?" என்றான்.

முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாமா? பயாஸுக்குள் போனேன். அவன் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, அந்த லேப்டாப்பில் 'யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்' என்ற வரி இருந்தது. நிறைய லேப்டாப்களில் இதை மறைத்தே வைத்திருப்பார்கள். 512 எம்பியை 2 ஜிபி ஆக்கினேன். சேவ், ரீஸ்டார்ட். டாஸ்க் மேனேஜரில் 2 ஜிபி என்று பளிச்சென்று வந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு அன்றைக்கு டீயோடு பன் பட்டர் ஜாமும் கிடைத்தது.

கேம் வேகமானதா? இல்லை. "பரவால்ல, கொஞ்சம் ஸ்மூத்தா இருக்கற மாதிரி இருக்குடா" என்றான். அது நட்புக்காகச் சொன்னது. கேமில் ஒன்றும் மாறவில்லை.

பத்து நாள் கழித்து அவனுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து, எமுலேட்டரை ஓட்டி, பக்கத்தில் பிரவுசரில் சர்வர் பக்கத்தையும் வைத்து டெமோ காட்ட வேண்டும். முன்பு திக்கித் திணறியாவது ஓடிக்கொண்டிருந்த எமுலேட்டர், அன்று மூன்று ஆசிரியர்கள் முன்னால் உறைந்து நின்றது. மவுஸ் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம். "ரெடி பண்ணிட்டு அடுத்த வாரம் வாப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். ரூமுக்கு வந்தவன் என்னைத் திட்டவில்லை. லேப்டாப்பைத்தான் திட்டினான். "இது ஆவாது மச்சி. அப்பாகிட்ட சொல்லி அறுபத்தஞ்சாயிரத்துல ஒரு கேமிங் லேப்டாப் வாங்கணும்" என்று போனை எடுத்தான்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. போனைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்லிவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து ரேம் பக்கத்தைப் பார்த்தேன். 8 ஜிபியில் கிட்டத்தட்ட 2 ஜிபி 'ஹார்டுவேர் ரிசர்வ்ட்' என்று ஒதுங்கிக் கிடந்தது. விண்டோஸுக்கு மிச்சம் 5.9 ஜிபி. அதில்தான் பாவம் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எமுலேட்டர், பிரவுசர் மூன்றும் குடித்தனம் செய்ய வேண்டும். இடம் போதாமல் டிஸ்க்கில் எழுதுவதும் படிப்பதுமாக மூச்சு வாங்கியிருக்கிறது. அந்த 2 ஜிபியைப் பிடுங்கியது நான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். நான் வைத்தது நண்பன் செலவில்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

வீடியோ மெமரியை ஏற்றுகிறோம் என்கிறோமே, உண்மையில் என்ன நடக்கிறது? தனி கிராபிக்ஸ் கார்டுக்கு அதற்கென்றே தனி மெமரி சிப்புகள் கார்டிலேயே பதித்திருக்கும். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ரேமில்தான் அதுவும் சாப்பிட வேண்டும். லேப்டாப் ஆன் ஆகும்போதே பயாஸ் ரேமில் ஒரு துண்டை வெட்டி, "இது கிராபிக்ஸுக்கு" என்று வேலி போட்டுவிடும். அந்த வேலிக்குள் இருப்பதைத்தான் 'டெடிகேட்டட்' என்று காட்டுகிறார்கள். வேலிக்கு வெளியே இருக்கும் ரேமிலிருந்தும், தேவைப்படும்போது ஏறக்குறைய பாதி வரை கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ள விண்டோஸ் அனுமதிக்கிறது. அதன் பெயர் 'ஷேர்டு'. இன்டெல் லேப்டாப்களில் பெரும்பாலும் டெடிகேட்டட் 128 எம்பி என்று காட்டும். அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள், கீழேயே ஷேர்டு என்று 4 ஜிபி போட்டிருப்பதைப் பார்ப்பதில்லை.

இங்கேதான் முக்கியமான முடிச்சு. தனி கார்டில் வீடியோ மெமரி நிரம்பிவிட்டால் பெரிய கஷ்டம். மிச்சத்தை மதர்போர்டு வழியாக மெதுவான பாதையில் போய் ரேமிலிருந்து கொண்டுவர வேண்டும். அதனால் அங்கே 4 ஜிபியா 8 ஜிபியா என்ற கேள்விக்கு அர்த்தம் உண்டு. நம் லேப்டாப்பில் வேலிக்கு உள்ளே இருப்பதும் அதே ரேம், வெளியே இருப்பதும் அதே ரேம். உள்ளே நிரம்பினால் வெளியே எடுத்துக்கொள்ளும், அதே வேகத்தில். தனி கார்டு உலகத்தின் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டுப் பார்ப்பதுதான் நம்முடைய தப்பு. நான் செய்ததும் அதுதான்.

இதற்கும் மேலே ஒரு கூத்து உண்டு. இன்டெல் லேப்டாப்காரர்களுக்கு வீடியோ வீடியோவாக ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். ரெஜிஸ்ட்ரியில் இன்டெல் என்பதன் கீழே 'ஜிஎம்எம்' என்று ஒரு கீயை உருவாக்கி, 'டெடிகேட்டட் செக்மென்ட் சைஸ்' என்று ஒரு மதிப்பைக் கொடுத்து, 512 என்று போடு, முடிந்தது கதை என்பார்கள். போட்டுப் பார்த்தால் 512 என்று காட்டவும் செய்யும். ஆனால் அது காட்டுகிற எண் மட்டும்தான். ஒரு பைட் மெமரிகூட இடம் மாறவில்லை. பர்ஸின் மேல் 'பத்தாயிரம் ரூபாய்' என்று எழுதி ஒட்டிக்கொள்வது மாதிரி. உள்ளே இருக்கும் நூறு ரூபாய் நூறாகவேதான் இருக்கும். வாசலில் பர்ஸைப் பார்த்து ஆள் விடுகிற ஹோட்டல் ஏதாவது இருந்தால் உள்ளே நுழையலாம். சில கேம்கள் அப்படித்தான். ஆரம்பிக்கும் முன் டெடிகேட்டட் எவ்வளவு என்று கேட்டு, குறைவாக இருந்தால் திறக்கவே மறுக்கும். அவற்றை ஏமாற்ற இந்த வித்தை உதவும். உள்ளே போன பிறகு பில் கட்ட வேண்டியது அதே நூறு ரூபாயில்தான்.

அப்படியானால் கேம் ஏன் தவழ்கிறது? இடம் பற்றாமல் இல்லை, பாதை பற்றாமல். ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் ஹெச்டி திரையில் 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் வைத்தால் ஒரு முழுப் படத்துக்கு சுமார் 8 எம்பி. மூன்று படம் முன்கூட்டி வைத்துக்கொண்டாலும் 24 எம்பிதான். திரைக்கு வேண்டியது அவ்வளவே. மிச்சமெல்லாம் கேமுக்குள் வரும் கட்டடம், சாலை, முகம் இவற்றின் மேல் ஒட்டும் படங்கள். அவற்றை ஒவ்வொரு நொடியும் பல முறை ரேமிலிருந்து இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். ஆக, எவ்வளவு வைத்திருக்கிறாய் என்பதைவிட, ஒரு நொடிக்கு எவ்வளவு இழுக்க முடிகிறது என்பதுதான் கேள்வி.

மொட்டைமாடித் தொட்டியையும் குளியலறைக் குழாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். அரை அங்குலக் குழாயை அப்படியே விட்டுவிட்டு 500 லிட்டர் தொட்டியை 2000 லிட்டர் ஆக்கினால் வாளி சீக்கிரம் நிரம்புமா? (தொட்டியின் உயரம், அழுத்தம் என்று சிவில் டிபார்ட்மெண்ட்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

குழாயின் அளவையும் சொல்லிவிடுகிறேன். அந்த 3500யூ ப்ராசஸருக்கு டிடிஆர்4 ரேம் 2400 வேகத்தில் ஓடும். அதாவது நொடிக்கு 240 கோடி முறை, ஒரு முறைக்கு 8 பைட். பெருக்கினால் நொடிக்கு 19.2 ஜிபி. இது ஒரே ஒரு ரேம் துண்டு போட்டிருந்தால். இரண்டு துண்டு போட்டால் இரண்டு பாதையும் திறந்து 38.4 ஜிபி ஆகிவிடும். இதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்த ஜிடிஎக்ஸ் 1650 என்ற சாதாரண தனி கார்டுக்கு 128 ஜிபி. இந்த 19.2-ஐக் கிராபிக்ஸ் மட்டும் அனுபவிக்கவும் முடியாது, ப்ராசஸரும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறது.

நண்பனின் லேப்டாப்பில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு ஸ்லாட். ஒன்றில் 8 ஜிபி. இன்னொன்று காலி. வாங்கின நாளிலிருந்து பாதிப் பாதை மூடியே கிடந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

பயாஸில் பழையபடி 512 ஆக்கினேன். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று சனிக்கிழமையே இரண்டு பேரும் ரிச்சி தெருவுக்குப் போனோம். "அண்ணே, டிடிஆர்4 லேப்டாப் ரேம் 8 ஜிபி, பழசு இருந்தா போதும்" என்றதும் கடைக்கார அண்ணன் பெட்டியிலிருந்து நாலைந்தை எடுத்துப் போட்டார். "தம்பி, இருக்கற ரேமோட ஸ்பீடு பாத்துட்டு எடுங்க" என்று அவரே எச்சரித்தார். 1,200 ரூபாய். அன்று ராத்திரியே மாட்டினோம். 720 பிக்சலில் இருபதுகளில் தடுமாறிக்கொண்டிருந்த ஃப்ரேம் முப்பதைத் தாண்டி நின்றது. அது கிடக்கட்டும், எமுலேட்டர் அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. அடுத்த வார ரிவ்யூவில் ஒரு பிரச்சினையும் இல்லை. அறுபத்தைந்தாயிரம் கேட்டு அவன் அப்பாவுக்குப் போன் போகவில்லை. அவன் பாஸானதைவிட எனக்கு அதுதான் நிம்மதி.

இதிலிருந்து என் கட்சி என்னவென்றால், "வீடியோ மெமரியை எப்படி ஏற்றுவது?" என்ற கேள்வியே தப்பான கேள்வி. அதைக் கேட்க வைத்தது லேப்டாப் விற்கிறவர்கள் ஒட்டுகிற எண். இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 2005-ல் வந்த இன்டெல் ஜிஎம்ஏ 950 கிராபிக்ஸுக்கு '224 எம்பி வரை' என்று போடுவார்கள். அந்த 224-ம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரேமிலிருந்து போவதுதான். 2006-ல் 'விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்' என்ற ஸ்டிக்கரை இன்டெல் 915 சிப்செட் லேப்டாப்களிலும் ஒட்ட மைக்ரோசாஃப்ட் அனுமதித்தது. அந்த கிராபிக்ஸில் விஸ்டாவின் பெருமையான ஏரோ தோற்றம் ஓடவே ஓடாது. 2007-ல் அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போனது. ஸ்டிக்கரை நம்பி வாங்கியவர்கள் கோபப்பட்டதில் தப்பில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஏற்றுவது எப்போதுமே வீண் என்று நான் சொல்லவில்லை. 16 ஜிபி, 32 ஜிபி ரேம் வைத்திருப்பவர் 2 ஜிபி ஒதுக்கினால் குடி முழுகாது. டெடிகேட்டட் எண்ணை மட்டும் பார்த்துத் தரத்தைக் குறைத்துக்கொள்ளும் கேம்களுக்கு அது உதவவும் செய்யும். லேப்டாப்பிலேயே ஏஐ மாடல் ஓட்டுகிறவர்களுக்கு இது வேறு உலகம். 2025-ல் வந்த ஏஎம்டி ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395-ல் 128 ஜிபி ரேம் போட்டு அதில் 96 ஜிபி வரை கிராபிக்ஸுக்கு ஒதுக்கலாம். பெரிய மாடலுக்கு முதலில் உட்கார இடம் வேண்டும். ஆனால் அங்கேயும் கவனியுங்கள், அந்தச் சிப்பின் மெமரிப் பாதை சாதாரண லேப்டாப்பைவிட இரண்டு மடங்கு அகலம், நொடிக்கு 256 ஜிபி. தொட்டியைப் பெரிதாக்கியவர்கள் குழாயையும் பெரிதாக்கினார்கள். 8 ஜிபி லேப்டாப்பில் 2 ஜிபியை வெட்டுவது அந்தக் கதை இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே அறையில் பாதியைத் தடுத்து 'கெஸ்ட் ரூம்' என்று போர்டு மாட்டுகிற கதை.

உண்மையில் நாம் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. என் நண்பன் பிழைத்தது அந்தக் காலி ஸ்லாட்டால். இப்போது மெல்லிசான லேப்டாப்களில் பலவற்றில் ஸ்லாட்டே கிடையாது. ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அதில் லாபமும் உண்டு. எல்பிடிடிஆர் வகை ரேம் வேகமானது, பேட்டரியை மிச்சம் பிடிப்பது, பெரும்பாலும் பாதை முழுவதும் திறந்தே வரும். கழற்றி மாட்டுவதையே கொள்கையாக வைத்திருக்கும் ஃப்ரேம்வொர்க் கம்பெனிகூட 2025-ல் அந்த ரைசன் ஏஐ மேக்ஸ் போட்ட டெஸ்க்டாப்பில் ரேமை சால்டர்தான் செய்தது. அந்த வேகத்துக்கு வேறு வழி கிடைக்கவில்லை என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 8 ஜிபியை சால்டர் செய்து ஒரு மாணவனிடம் விற்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்குகிற அன்றைக்கே அந்த லேப்டாப்பின் ஆயுளை எழுதிவிடுகிறார்கள். கிராபிக்ஸும் அதில்தான் சாப்பிட வேண்டும், விண்டோஸும் அதில்தான், ப்ராஜெக்டும் அதில்தான். மூன்று வருடம் கழித்துப் போதவில்லை என்றால் ரிச்சி தெரு முழுக்கச் சுற்றினாலும் வைத்தியம் இல்லை. மாற்று வழி இல்லாமலும் இல்லை. கழற்றி மாட்டக்கூடிய எல்பிடிடிஆர் பலகைக்கான தரத்தை ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டது. 2024-ல் லெனோவோ திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் அது வந்தும் விட்டது. விலை உயர்ந்த லேப்டாப்பில் முடிவது நம் விலைக்கும் இறங்கி வர வேண்டும். நாம் கேட்டால்தான் வரும். '2 ஜிபி கிராபிக்ஸா அண்ணே?' என்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்த எண்ணைத்தான் ஒட்டித் தருவார்கள்.

ஆகவே, டாக்டரின் சீட்டு இதோ. டீ கூட வேண்டாம்.

1. டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 2-ல் 1 என்று இருந்தால் உங்களுக்கு விமோசனம் உண்டு. இன்னொரு துண்டு போடுங்கள். இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ வரும் 11-ஆம் தலைமுறை லேப்டாப்களில் ஒற்றைச் சேனல் ரேம் இருந்தால் பெயரே சாதாரண 'யூஹெச்டி' என்று இறங்கிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

2. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அந்த ரேம் சால்டர் செய்தது, கழற்ற வராது. வேறு ஸ்லாட்டும் இல்லை என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு பிரவுசரில் டேப்களைக் குறையுங்கள்.

3. கேம் தவழ்ந்தால் முதலில் திரையின் அளவை 720-க்கு இறக்குங்கள். புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகும். இது இலவசம்.

4. பயாஸில் வீடியோ மெமரியை ஏற்றும் ஆசை வந்தால், மொத்த ரேம் 16 ஜிபி ஆன பிறகு வையுங்கள்.

5. புது லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? "ரேம் சால்டரா, ஸ்லாட்டா? எத்தனை ஸ்லாட்? எத்தனை காலி?" இந்த மூன்றையும் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது, எங்கள் 1,200 ரூபாய்க் கணக்கை நம்பி ரிச்சி தெருவுக்குப் போய் என்னைத் திட்ட வேண்டாம். விலை ஏறிய காலத்தில் காலி ஸ்லாட் இன்னும் முக்கியம். இன்று 8, காசு சேர்ந்ததும் இன்னொரு 8 என்று வாழ்வதற்கு அதுதான் வழி.

என் ரூம்மேட் இப்போது வேலையில் இருக்கிறான். அந்த லேப்டாப் அவன் தங்கையிடம் போய்விட்டது, காலேஜுக்கு எடுத்துப் போகிறாள். போன மாதம் போன் செய்தாள். "அண்ணா, இதுல கிராபிக்ஸ் 512-ன்னு காட்டுது, ஏத்த முடியுமா?"

தொடாதே தாயே, நல்லா இருப்பே என்றேன் :-)

டிஸ்கி: ரிவ்யூவில் எமுலேட்டர் உறைந்ததற்குக் காரணம் நான்தான் என்று அவனிடம் அன்றே ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்தப் பன் பட்டர் ஜாமுக்கான காசை இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.